பூஜை முடிந்த மறுநாள் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

விஜயதசமி அன்று காலை ஒன்பதரை மணிக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு மூணு பத்திரிகை கையில இருக்கு. முந்தாநாள் ராத்திரி ஆயுத பூஜைக்காக ஆஃப் பண்ணினது, இன்னைக்கு எந்திரிக்கவே இல்ல."

அக்காவுக்குக் கோவில்பட்டியில் ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கூடவே ஜெராக்ஸ், லேமினேஷன். கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். 2012-ல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்து கொடுத்தது. எச்61 போர்டு (எல்லாப் பாகமும் வந்து சேரும் மதர்போர்டு), ஐ3 பிராசஸர், 2 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7. அதில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் நெட் வேலையெல்லாம் அக்காவுக்குப் போனில்தான். பத்திரிகை வேலைக்கு மட்டும் இந்தப் பழைய சிஸ்டத்தை விட மாட்டாள். காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

"ஆன் ஆகல" என்ற சொல்லைக் கேட்டவுடன் நான் எப்போதும் மூன்று கேள்வி கேட்பேன். அன்றும் கேட்டேன். பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா? மானிட்டரில் ஏதாவது எழுத்து வருகிறதா? வந்தால் அது எது வரைக்கும் போய் நிற்கிறது? கரண்டே ஏறாத கம்ப்யூட்டரையும், கரண்ட் ஏறியும் டிஸ்ப்ளே வராத கம்ப்யூட்டரையும், டிஸ்ப்ளே வந்து விண்டோஸுக்குள் போக முடியாத கம்ப்யூட்டரையும் நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் வெவ்வேறு நோய். காய்ச்சல் என்று போகிறவரிடம் டாக்டர் எத்தனை நாளாக, குளிர் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தான் இதுவும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"லைட் எரியுது. ஃபேன் சுத்துது. மானிட்டர்ல நோ சிக்னல்னு வருது" என்றாள் அக்கா. அதற்குள் உள்ளூரில் சர்வீஸ் பார்க்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். போர்டு போய்விட்டது, இந்தப் போர்டு இப்போது புதிதாகக் கிடைக்காது, அதனால் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. அதில் ஒரு பாதி உண்மைதான். எச்61 போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட் 1155, ரேம் டிடிஆர்3, இரண்டுமே பழைய வகை. இன்றைய பிராசஸர்களுக்கான போர்டுகளில் அந்தப் பிராசஸரோ ரேமோ உட்காராது. போர்டு போய், அதே வகைப் போர்டு கிடைக்காவிட்டால் மூன்றும் போனதாகத்தான் கணக்கு. ஆனால் போர்டு போனதா என்பதுதான் கேள்வி. அவர் ஒரு நாளைக்கு நாலைந்து இடம் ஓடுகிறவர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினேன். பையில் ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், இரண்டு அங்குல பெயிண்ட் பிரஷ், வெள்ளை ரப்பர், ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டும் அடாப்டர், ஒரு சின்ன பஸ்ஸர்.

கடைக்குள் நுழைந்தபோது கேபினெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. மேலே வாடிய சாமந்தி. அத்தான் மேசையை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். பூஜைக்கு முந்தின இரவு எல்லா வயரையும் பிடுங்கி, கேபினெட்டைக் கீழே இறக்கித் துடைத்து, மேசையைக் கழுவி மறுபடி வைத்ததாகச் சொன்னார். அதை நான் காதில் வாங்கினேன், ஆனால் அதன் முழு அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிவதற்கு இது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றினால், கரிசல் புழுதி. எங்கள் பக்கத்துப் புழுதி சாம்பல் நிறத்தில் மாவு போல இருக்கும். அதோடு ஜெராக்ஸ் மிஷினின் டோனர் தூளும் சேர்ந்து, பிராசஸர் ஃபேனின் இறக்கையில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் துடைக்க வேண்டும், சுழல விடக்கூடாது. போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் குட்டி உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்த்தேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் அவை உப்பி, வெடித்து, பழுப்பாக ஒழுகும். அந்தக் காலத்தில் கேபினெட்டைத் திறந்தவுடன் கண் முதலில் அங்கேதான் போகும். இதில் எல்லாம் தட்டையாக, சுத்தமாக இருந்தன.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. ஃபேன் சுற்றுவதால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. ஃபேன் சுற்ற 12 வோல்ட் ஏதோ ஒரு அளவில் வந்தால் போதும். போர்டுக்கு 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சரியாக வர வேண்டும், அதோடு "எல்லாம் சீராகிவிட்டது, நீ தொடங்கலாம்" என்று எஸ்.எம்.பி.எஸ். ஒரு தனிக் கம்பி வழியாகச் சொல்லவும் வேண்டும். சாம்பல் நிறக் கம்பி அது. அந்தச் சொல் வரும்வரை போர்டு பிராசஸரை ஓட விடாது. கரண்டை ஏற்றி, 24 பின் கனெக்டரின் பின்பக்கம் மீட்டர் முனையை நுழைத்துப் பார்த்தேன். மஞ்சள் கம்பியில் 11.9, சிவப்பில் 5.05, ஆரஞ்சில் 3.31. சொன்ன அளவுக்கு மேலும் கீழும் ஐந்து சதவீதம் வரை இருக்கலாம், அதாவது 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் கீழே போகக்கூடாது. எல்லாம் சரி. இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி வைத்திருக்கும் கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கார்டைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். வெளியே வரும் கம்பியை அளப்பதோடு நம் வேலை முடிந்தது.

இப்போது பஸ்ஸர். போர்டில் நாலு பின் இடத்தில் குத்துகிற, சுண்டு விரல் நுனி அளவுப் பொருள். விலை சில ரூபாய்தான். கம்ப்யூட்டர் எழுந்தவுடன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும், குறை இருந்தால் பீப் ஒலியால் சொல்லும். மானிட்டர் வேலை செய்யாத நேரத்தில் அதற்கு இருக்கிற ஒரே வாய் அதுதான். பல கேபினெட்டுகளில் அந்த வாயை வைப்பதே இல்லை. அக்காவின் கேபினெட்டிலும் இல்லை. 2012-ல் நானும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

பஸ்ஸரை மாட்டி, முதலில் இரண்டு ரேமையும் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். ரேமே இல்லாமல் பட்டனை அமுக்கினேன். அக்கா, "ஏன்டா, உள்ள ஒண்ணுமே இல்லாம எப்படி ஆன் ஆகும்?" என்றாள். இரண்டு விநாடி அமைதி. பிறகு நீளமாக ஒரு பீப். நின்று, மறுபடி ஒரு பீப். மறுபடி.

எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் வருகிற நிம்மதியைச் சொல்லில் வைக்க முடியாது. "ரேமைக் காணோம்" என்று கத்துவதற்குப் பிராசஸர் உயிரோடு இருக்க வேண்டும், விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை எழுப்புகிற பயாஸ் என்ற நிரல் தன் சிப்பிலிருந்து ஓட வேண்டும், போர்டு அதற்கு வழிவிட வேண்டும். போர்டு போய்விட்டது என்ற தீர்ப்பு அந்த ஒரு பீப்பில் தள்ளுபடி ஆனது. அத்தான் அதுவரை புது சிஸ்டம் விலையைப் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். "பொறுங்க அத்தான், இது சாகல" என்றேன். போனைக் கீழே வைத்தார்.

ரேமைத் திரும்ப மாட்டியும் அதே பீப்தான். ஆக, ரேம் இருந்தும் போர்டுக்கு அது தெரியவில்லை. ரேம் அட்டையின் அடியில் தங்க முலாம் பூசிய பற்கள் இருக்கும். டிடிஆர்3-ல் இரண்டு பக்கமும் சேர்த்து 240. அதில் ஒன்றில் புழுதியோ மங்கலோ இருந்தாலும் கம்ப்யூட்டர் எழாமல் போகலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பல்வரிசையில் ஓரிடத்தில், மூச்சு பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல். வெள்ளை ரப்பரால், பென்சில் கோட்டை அழிப்பது போல, ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைப்பதுதான் முறை என்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது சரி. ஆனால் கோவில்பட்டியில் பண்டிகை நாளில் கைக்குக் கிடைப்பது ரப்பர்தான். அழுத்தாமல் தேய்த்து, தூளை முழுக்கத் தட்டிவிட்டால் கெடுதல் இல்லை. ஸ்லாட்டுக்குள்ளும் பிரஷ்ஷை ஓட்டினேன். பிறகு ஒரு ரேமை மட்டும் வைத்து, ஸ்லாட்டின் இரு ஓரத்திலும் காது போல நிற்கும் பிடிகள் 'டக்' என்று தாமாக மூடும் வரை அழுத்தினேன். அந்த 'டக்' கேட்காவிட்டால் ரேம் உட்காரவில்லை என்று பொருள்.

பட்டனை அமுக்கினேன். ஒரே ஒரு குட்டி பீப். மானிட்டரில் வெள்ளை எழுத்துகள். அக்கா கைதட்டியே விட்டாள். இரண்டாவது ரேமையும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. விண்டோஸ் லோகோ பாதி வந்தது, ஒரு நீலத் திரை கண்ணிமைக்கும் நேரம் வந்து மறைந்தது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி லோகோ, மறுபடி நீலம், மறுபடி ரீஸ்டார்ட். அக்கா முகம் வாடிவிட்டது. "விண்டோஸ் போயிருச்சா? ஃபார்மட் பண்ணணுமா? பண்ணிரு தம்பி, டி டிரைவ்ல இருக்கறது போகாதுல்ல?"

நம் ஊரில் கம்ப்யூட்டர் வைத்தியத்தில் ஃபார்மட் என்பது எல்லா நோய்க்கும் ஒரே ஊசி. அரை மணி நேரத்தில் புது விண்டோஸ் ஏறிவிடும், சிஸ்டம் பளிச்சென்று நிற்கும், வந்தவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடலாம். கல்லூரியில் படிக்கும்போது நானும் அதைச் செய்திருக்கிறேன். சித்தப்பா செங்கல் சூளை வைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று, சி டிரைவை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். டெஸ்க்டாப்பில் தெரிகிற ஃபைலெல்லாம் உண்மையில் சி டிரைவுக்குள்தான் கிடக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐந்து வருஷத்து சூளைக் கணக்கு அந்த டெஸ்க்டாப்பில் இருந்தது. சித்தப்பா ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. லோடு சீட்டுகளைச் சாக்கிலிருந்து கொட்டி, இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நோட்டில் ஏற்றினார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் கண்ணில் படும்.

அக்காவின் சிஸ்டத்தில் சி டிரைவை அழித்தால் போவது இன்னும் பெரிது. அவள் பத்திரிகை ஃபைல்கள் டி டிரைவில்தான் இருக்கின்றன, உண்மை. ஆனால் அவை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லை. பழைய டி.டி.பி. ஃபான்டுகள் ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. ஃபான்ட் இருந்தால் அது 'நிகழும் மங்களகரமான' என்று தெரியும். இல்லையென்றால் அதே வரி வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கலைந்து கிடக்கும். அந்த ஃபான்டுகள் இருப்பது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதில் சிலவற்றை அக்கா யாரிடமிருந்து எப்போது வாங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. "எங்க பெரியவ கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே சின்னவளுக்கும் அடிச்சுக் குடுங்க" என்று பத்து வருஷம் கழித்து வருகிறவர்களுக்குப் பழைய ஃபைலைத் திறந்து, மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுக்கிறாளே, அந்தத் தொழிலே அந்த ஃபோல்டரில்தான் நிற்கிறது.

அதனால் நீலத் திரையை ஆராய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ட், அதனால் தனி கரண்ட் இணைப்புள்ள அடாப்டர்தான் இதற்கு ஆகும். முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைத்துக்கொள்ளும், அதைப் படித்துக் காட்ட இலவச மென்பொருள்கள் உண்டு. டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு செக்டார் என்று பெயர். கெட்டுப்போய் மாற்றிவைத்த செக்டார் பூஜ்யம், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார் பூஜ்யம். அந்த இரண்டாவது எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் ரிப்பேர் என்று எதையும் ஓட விடாமல், டிஸ்க் மூச்சு விடும்போதே காப்பி எடுத்துவிட வேண்டும். டி டிரைவ் முழுவதும், சி-யிலிருந்து டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், ஃபான்ட் ஃபோல்டர், பேஜ்மேக்கர் ஃபோல்டர் எல்லாம் காப்பி ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அக்கா சோறு போட்டாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, இந்த முறை விண்டோஸ் தொடங்கும் முன் எஃப்8 கீயைத் தட்டினேன். வரும் பட்டியலில், கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்று சொல்ல ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரை ஓடாமல் நிற்கும். நின்றது. வரிசையாகச் சைபர்கள், கடைசியில் 7பி. எழுந்துகொண்டிருக்கும் விண்டோஸால் தான் குடியிருக்கும் டிஸ்க்கையே எட்ட முடியவில்லை என்பதற்கான எண் அது.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஃபைல் எல்லாம் படிக்க முடிகிறது, ஆனால் விண்டோஸுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் டெலிட் கீயை அமுக்கி பயாஸுக்குள் போனேன். மூலையில் தேதியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. 2012 ஜனவரி 1.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032, மூன்று வோல்ட். கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் கரண்ட் இல்லாத நேரத்தில் மறந்துபோகாமல் காப்பது அது. கழற்றி அளந்தேன், 1.4 வோல்ட். அது தீர்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும், யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் கார்டு சொருகியிருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். ஒரு 5 வோல்ட்டை ஊதா நிறக் கம்பியில் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கடிகாரம் அதில் ஓடிவிடும். அக்கா கடையில் யூ.பி.எஸ்.ஸை ராத்திரியும் அணைப்பதில்லை. வருஷத்தில் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் எல்லா வயரையும் பிடுங்கி, மிஷினுக்கு ஒரு நாள் முழு ஓய்வு கொடுக்கிறார்கள். அந்த ஒன்றரை நாளில் போர்டு எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் பிறந்த நாள் நிலைக்குப் போய்விட்டது. கேபினெட்டை இறக்கி ஏற்றிய அதே அசைவில் ரேமும் பிடி தளர்ந்திருக்கிறது. ஒரே நாளில் இரண்டு கோளாறு. ஒன்றை மற்றொன்று மறைத்துக்கொண்டு நின்றது.

மறந்துபோன அமைப்புகளில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பது. அந்தப் போர்டுக்குப் பிறவிப் பழக்கம் ஐ.டி.ஈ. என்ற பழைய முறை. 2012-ல் விண்டோஸ் போடுவதற்கு முன் நான் அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றியிருந்தேன், டிஸ்க் இன்னும் வேகமாக ஓடும் என்று. விண்டோஸ் 7 எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறையில் டிஸ்க்கோடு பேசும் டிரைவர் மென்பொருளைத்தான் தொடக்கத்தில் எழுப்பும். முறை மாறினால் வீட்டுச் சாவி கையில் இருந்தும் பூட்டை மாற்றிவிட்ட கதைதான். சாட்டா மோட் என்ற வரியில் ஐ.டி.ஈ.யை ஏ.எச்.சி.ஐ. ஆக்கினேன். தேதியைச் சரிசெய்தேன். சேமித்து வெளியே வந்தேன்.

லோகோ வந்தது. நான்கு வண்ணமும் சேர்ந்து துடித்தது. அடுத்து அக்கா டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் கழுகுமலை முருகன்.

யாரும் பேசவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேராகப் பேஜ்மேக்கரைத் திறந்தாள். பாதியில் நின்ற பத்திரிகை அப்படியே வந்தது. தாய்மாமன்கள் வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று காலையிலிருந்து பெண் வீட்டார் மூன்று தடவை போன் செய்திருந்தார்களாம். அதைச் சேர்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

புது பேட்டரி பஜாரில் வாட்ச் கடையிலேயே கிடைத்தது, 40 ரூபாய். காப்பி எடுத்ததை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வீட்டுப் பீரோவில் வைக்கச் சொன்னேன், கடையில் வேண்டாம் என்று. பயாஸில் என்னென்ன மாற்றினேன் என்பதையும், பேட்டரி மாற்றிய தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது கதவைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்தை அவள் ஒட்டவில்லை. மிச்சமிருந்த பத்திரிகை அட்டையில், மேலே பிள்ளையார் சுழி போட்டு, 'சாட்டா மோட் - ஏ.எச்.சி.ஐ.' என்று கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குப் போடும் அதே எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து ஒட்டியிருந்தாள்.